இடது பக்கம் போன ஹோரோ

கடற்கரை
1994 ஆகஸ்ட் 19

ஆமா, ஆடினேன். ஆடத்தான் கூப்பிட்டாங்க, வேற என்ன, மூலையில உக்காந்து வெங்காயம் உரிக்கவா? பென்யோ பார்த்தது என்னைத்தான். இந்த வெயில்ல ஆட்டுத்தோல் தொப்பி, இடுப்புல சிவப்புத் துணி. உன்னைக் கட்டிக்கப் போறவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, சந்தோஷப்பட்டுக்கோ. ஆனா அங்கேயே வந்து என் தோளைத் தட்டி, "என்னடா வெலிக்கோ, இது நியாயமா?"ன்னு கேட்டிருக்கலாம்ல? சாப்பிட்டு முடிச்சு, கையத் துடைச்சுக்கிட்டு, ஊருக்கு ஓடி வந்து உன்கிட்ட ஓதியிருக்கான்.

அக்கா, அப்பா போய் ஆறு மாசம்தான் ஆகுதுன்னு எனக்கும் தெரியும். கறுப்புப் பட்டையை இன்னும் சட்டைக்குள்ள குத்தித்தான் வெச்சிருக்கேன். நாட்டியப் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வந்தவனுக்கு வேற எவன் சோறு போடுவான்? கடற்கரை ஓட்டல்ல ஆடுறேன். இது வேலை. வெளிநாட்டுக்காரங்க கறி தின்னுக்கிட்டே பார்ப்பாங்க, நாங்க கத்திக்கிட்டே குதிப்போம், கடைசியில ஒரு குண்டு அம்மாவை மேடைக்கு இழுத்துச் சுத்தி விடுவோம். அவங்க அழுதுடுவாங்க. ஏன்னு கேக்காத, தினமும் ஒருத்தங்க அழுவாங்க.

இது நம்ம ஊருல கைகோத்து வரிசையாச் சுத்துற ஹோரோவே இல்லைன்னு உனக்கு எப்படிப் புரிய வைக்கிறது? சரி, இதைக் கேளு. நாங்க இடது பக்கம் சுத்துறோம். மேடைக்கு வர்ற கதவு வலது பக்கம் இருக்கு, மூஞ்சி டேபிள் பக்கம் இருக்கணும், அதனால மேனேஜர் எல்லாத்தையும் இடது பக்கமாத் திருப்பி வெச்சுட்டான். நம்ம ஊர்ல எவனாவது இடது பக்கம் ஹோரோ இழுப்பானா? அது செத்தவங்களுக்கு ஆடுறது. இங்க எவன் செத்தான்? யாருக்கும் தெரியாது, யாரும் கேக்கல. அப்போ இது ஆட்டமா? நீயே சொல்லு.

அம்மாகிட்ட சொல்லிட்டியா? அதை மட்டும் எழுது.

வெலிக்கோ


வெத்ரோவோ
செப்டம்பர் 4

வெலிக்கோ,

நான் பால் சென்டர்ல கேன் தூக்குறேனே, அதுக்குப் பேரு வேலை. உன்னுது என்னன்னு எனக்குத் தெரியல.

அம்மாகிட்ட நான் சொல்லல. ராஷ்கா அத்தை சொல்லிட்டாங்க. போஸ்ட் ஆபீஸ்ல உக்காந்து ஊரு போன் எல்லாம் அவங்கதானே மாட்டி விடுறாங்க, அதுல பாதியை அவங்களும் கேட்டுக்குறாங்க. அதனாலதான் உனக்குப் போன் பண்ணாம எழுதுறேன். இதையும் ஒட்டின இடத்துல இன்னொரு தடவை பசை தடவிட்டுத்தான் அனுப்புறேன்.

அம்மா "அவன் சாப்பிடுறானா"ன்னு மட்டும் கேட்டாங்க. ராஷ்கா அத்தைக்கு ஏமாத்தமாப் போச்சு, காப்பியைக்கூட முழுசாக் குடிக்கல.

ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. போன வாரம் ஸ்லாவ்கா கல்யாணம். பொண்ணை அழைச்சுக்கிட்டு நம்ம தெரு வழியாத்தான் போனாங்க. மேளம், கய்டா பைக்குழல், கும்மாளம், கிணத்தடியில இருந்தே காது கிழிஞ்சுது. நம்ம வாசக் கிட்ட வந்ததும் எல்லாம் நின்னுடுச்சு. கதவுல அப்பா படம் போட்ட இரங்கல் தாள் இருக்குல்ல, மழையில பாதி அழிஞ்சு, அதுக்கு முன்னாடி அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு நடந்தாங்க. கல்யாணப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. செருப்புச் சத்தம் மட்டும்தான். நம்ம வேலியைத் தாண்டினப்புறம் கன்யோ மறுபடி கய்டாவைக் கக்கத்துல அமுக்கினாரு. ஊரு நமக்குக் குடுக்குற மரியாதை இது. நீ அங்க தட்டுல கறி வெச்சிருக்கிறவனுக்குக் குதிச்சுக் காட்டுற. அதுவும் இடது பக்கம். படுத்தா தூக்கம் வருதாடா?

சரி, நடந்தது நடந்துச்சு. இப்போ நடக்க வேண்டியதைப் பாரு. வருஷம் முடிஞ்சு வர்ற ஈஸ்டர்ல அம்மா உடுத்தியிருக்கிற துக்கக் கறுப்பை எடுத்துடணும். ஈஸ்டர் ரெண்டாம் நாள், கோயில் முன்னாடி மைதானத்துல, வீட்டு மகன் அம்மா கையைப் பிடிச்சு ஹோரோவுக்கு முன்னால கொண்டு போகணும். அதுவரைக்கும் இந்த வீட்டுல பாட்டு கிடையாது, ரேடியோ கிடையாது, என் கல்யாணமும் கிடையாது. பென்யோ காத்திருக்கிறேன்னு சொல்றான். அவங்க அம்மா அப்படிச் சொல்லல.

அப்பா முன்னால நின்னு இழுத்த இடம் அது. இப்போ உன்னோடது. நீ வரணும்.

ரூசா


மலை, பனி, சகதி
1995 ஜனவரி 22

அக்கா,

அந்த ஓட்டல் மூடியாச்சு. இப்போ மலையில இருக்கேன், பனிச்சறுக்கு விளையாட வர்றவங்களுக்கு ஆடுறோம். மேனேஜர் அதே ஆளு, ஆட்டம் அதே ஆட்டம், பக்கமும் அதே பக்கம். நடுவுல ரெண்டு மாசம் ஒரு டயர் கடையில இருந்தேன். பிடிக்கல. அதுக்கு முன்னாடி மீன் படகு. அதுவும் பிடிக்கல. நீ எழுதுற விலாசம் எல்லாம் என்னைத் துரத்திக்கிட்டே வருது. உன் செப்டம்பர் கடிதம் எனக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் வந்துச்சு, மீன் வாசனையோட.

"உன்னோட இடம்"னு எழுதியிருக்க. எனக்கு எதுக்கு அந்த இடம்? ஒரே இடத்துல நின்னா என் காலு அரிக்குது, சின்ன வயசுல இருந்து உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தையும் அதனாலதான் விட்டேன். கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு, "முட்டியை இன்னும் தூக்கு, இன்னும் தூக்கு"ன்னு ஒருத்தன் குச்சியால தட்டுவான். அப்பா தட்டினாரா? கையைக் கொஞ்சம் இறுக்குவாரு, அவ்வளவுதான். காலு தானாப் போயிடும்.

மே மாசம் குழுவோட ஜெர்மனி போறோம். பாஸ்போர்ட் குடுத்தாச்சு. இலையுதிர் காலம் வரைக்கும்னு சொல்றாங்க. அப்புறம் நான் திரும்புவேனான்னு என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

ஈஸ்டருக்கு வர்றேன். அம்மாவைக் கொண்டு போய் நிறுத்துறேன், ஒரு சுத்து இழுக்கிறேன், சாயங்கால பஸ்ஸுல கிளம்பிடுவேன். "இருடா, வேலியைச் சரி பண்ணுடா, பென்யோ அப்பாகூட ஒரு கிளாஸ் ரக்கியா குடிடா"ன்னு ஆரம்பிக்காத. பென்யோவைப் பாவம், இன்னும் காத்திருக்கச் சொல்லு. அவன் மாடு மாதிரி, நின்ன இடத்துல நிப்பான்.

வெலிக்கோ


வெத்ரோவோ
மார்ச் 30

வெலிக்கோ,

மாடுன்னு நீ எழுதினதைப் பென்யோகிட்ட படிச்சுக் காட்டினேன். "மாடு பால் குடுக்கும், உன் தம்பி என்ன குடுக்குறான்"னு கேட்டான். பேச வராதுன்னு நினைச்சியா அவனுக்கு?

அப்பாவோட வருஷ நினைவுக்குக் கோதுமை வேக வெச்சு, கல்லறையில எல்லாருக்கும் குடுத்துட்டு வந்தாச்சு. எல்லாரும் வந்தாங்க. உன்னைக் கேட்டாங்க. "மலையில வேலை"ன்னு அம்மாவே சொல்லிட்டாங்க. ராஷ்கா அத்தை வாயைத் திறந்தாங்க, அம்மா ஒரு கரண்டி கோதுமையை அவங்க கையில வெச்சு அடைச்சுட்டாங்க.

டோப்ரிச் சந்தையில அம்மாவுக்குத் தலைத்துணி வாங்கினேன். பச்சை, ஓரத்துல சின்னச் சின்னப் பூ. ஈஸ்டர் ரெண்டாம் நாள் ஹோரோவுல முதல் சுத்து முடிஞ்சதும் நான்தான் கறுப்பை அவுத்துட்டு இதைக் கட்டி விடணும். அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கல. "என்னை ஏன்டி விரட்டுறீங்க"ன்னாங்க. அப்புறம் நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கும்போது பின்னாலேயே வந்து, "அவன் நிச்சயமா வர்றானா"ன்னாங்க. வர்றான்னு சொன்னேன். "அப்போ சரி. வேற யாரு கையும் எனக்கு வேணாம்."

அதனால கேக்குறேன், கோவிச்சுக்காத. முந்தின நாளே வந்துடு. வீட்டு முற்றத்துல அம்மாவோட ஒரு தடவை நடந்து பாரு. ஒரு வருஷமா நீ நம்ம ஆட்டம் ஆடல.

ரூசா


மலை
ஏப்ரல் 12

அக்கா,

எனக்கு ஹோரோ சொல்லிக் குடுக்குறியா? தினம் சாயங்காலம் ரெண்டு தடவை ஆடுறேன்.

திங்கக்கிழமை காலையில நேரா மைதானத்துக்கு வந்துடுறேன். ஈஸ்டர் சிவப்பு முட்டையில எனக்கு ஒண்ணு எடுத்து வை, மோதி விளையாடக் கெட்டியானதாப் பார்த்து.

வெ.


சோபியா
ஏப்ரல் 26

எழுதாத. இதைப் படிச்சுட்டு அடுப்புல போட்டுடு, பதில் எழுதாத.

என்ன நடந்துச்சுன்னு நீ பார்த்த. ஆனா உள்ள என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நான் மைதானத்துக்குள்ள வந்தேன். அம்மா சுவத்து ஓரமா, கறுப்புல, அவ்வளவு சின்னதா நின்னாங்க. இவ்வளவு சின்னவங்களா நம்ம அம்மா? எல்லாரும் வழி விட்டாங்க. கன்யோ கய்டாவை எடுத்தாரு. அந்தச் சத்தம் என் முதுகுல ஏறுச்சு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கையை நீட்டினேன், அம்மா பிடிச்சாங்க, இழுத்தேன்.

இழுத்தது வலது கை. அம்மாவோட இடது கையைப் பிடிச்சிருக்கேன். வரிசைக்கு முன்னால நிக்காம வால் பக்கம் போய் நின்னு, அங்க இருந்து இடது பக்கம் இழுத்திருக்கேன். மூணு அடி போனப்புறம்தான் கன்யோ முகத்தைப் பார்த்தேன். கய்டா முனகி நின்னுச்சு. ராஷ்கா அத்தை, "ஐயோ, பாவி, அம்மாவைச் சாவுப் பக்கம் இழுக்குறானே!"ன்னு கத்தினாங்க. எவனோ சிரிச்சான். பயத்துல சிரிச்சிருப்பான், இருந்தாலும் சிரிச்சான்.

எல்லாரும் பார்க்க, அப்பா நின்ன இடத்துல, அம்மாவை நான் செத்தவங்க பக்கம் கூட்டிட்டுப் போனேன். கறுப்பு எடுக்க வந்தவன். அதுதான் வேலை வேலைன்னு எழுதினேனே, அந்த வேலை என் காலுக்குள்ள இருந்திருக்கு. நான் கழட்டி வெச்சுட்டு வந்தேன்னு நினைச்சேன்.

கையை விட்டுட்டு ஓடினேன். வேலியைத் தாண்டி, வயல் வழியா, ரோட்டுக்கு. ஒரு லாரிக்காரன் ஏத்திக்கிட்டான். இப்போ சோபியாவுல குழுவோட விடுதியில இருக்கேன். மே அஞ்சாம் தேதி காலையில ஜெர்மனிக்கு வண்டி.

பென்யோ அப்பாவை இழுக்கச் சொல்லுங்க. கன்யோவைச் சொல்லுங்க. யாரு வேணும்னாலும். என் கை வேணாம்.

வெ.


வெத்ரோவோ
ஏப்ரல் 27

டேய் வெலிக்கோ,

இன்னும் உன்கிட்ட இருந்து ஒரு வரி வரல. உயிரோட இருக்கியான்னு மேனேஜர் நம்பருக்குப் போன் பண்ணினேன், ராஷ்கா அத்தை மூலமாத்தான், வேற வழியில்ல. சோபியாவுல இருக்கன்னு சொன்னாங்க. விலாசமும் குடுத்தாங்க. அதனால எழுதுறேன். ஜெர்மனி போறதுக்கு முன்னாடி நீ இதைப் படிச்சே ஆகணும்.

நீ வேலி தாண்டினதை நாங்க எல்லாரும் பார்த்தோம். கால்சட்டை கம்பியில மாட்டிக் கிழிஞ்சதையும் பார்த்தோம். அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது.

அம்மா நின்ன இடத்துலேயே நின்னாங்க. இடது கை நீ விட்ட மாதிரியே நீட்டினபடி. வலது கையில நான். ஒருத்தரும் அசையல. ராஷ்கா அத்தை மட்டும் சிலுவை போட்டுக்கிட்டு, "கலைச்சுடுங்க, கலைச்சுடுங்க, இன்னொரு சாவு விழும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பாதிரியார் கோயில் வாசல்ல ஈஸ்டர் ரொட்டியைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சாரு.

அம்மா கன்யோவைத் திரும்பிப் பார்த்தாங்க. "ஏன் நிறுத்தின? ஊது"ன்னாங்க.

"சேபா, இடது பக்கம்..."னு அம்மா பேரைச் சொல்லி ஆரம்பிச்சாரு.

"எனக்குக் கண்ணு தெரியும். ஊது."

ஊதினாரு. மெதுவா ஊதினாரு, சாவு வீட்டுல ஊதுற மாதிரி. அம்மா இடது பக்கமே நடந்தாங்க. முன்னால யாரும் இல்ல, நீ இருந்திருக்க வேண்டிய இடம் காலி, அந்தக் காலி கையை அப்படியே நீட்டிக்கிட்டு. நான் பின்னால போனேன். எனக்குப் பின்னால பென்யோ வந்தான். அவன் பின்னால ஒருத்தர் ஒருத்தரா, வீட்டுல சாவு விழுந்தவங்க எல்லாம் வந்தாங்க. ஸ்லாவ்காகூட வந்தா, அவளோட அண்ணன் பட்டாளத்துல செத்துப் போனான்ல. யாரும் பாடல, யாரும் கத்தல. ஒரு முழுச் சுத்து. அம்மா நின்னாங்க, எல்லாரும் நின்னோம்.

"அவரைப் புதைச்ச அன்னிக்கு மழை"ன்னாங்க அம்மா. "சகதி. அவசர அவசரமா மூடினோம். எல்லாருக்கும் ஒரு சுத்து இழுத்தவருக்கு ஒருத்தரும் ஒரு சுத்து ஆடல. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னாங்க. ராஷ்கா அத்தைதான் முதல்ல அழுதாங்க, நம்புவியா?

நான் பச்சைத் துணியை எடுத்தேன். அம்மா தலையை நகத்திக்கிட்டாங்க. "இன்னும் இல்ல." பென்யோ அப்பா நல்ல மனுஷன், தொப்பியைக் கழட்டிக்கிட்டு முன்னால வந்து, "வாங்க, இப்போ வலது பக்கம் நான் கூட்டிட்டுப் போறேன்"னு கையை நீட்டினாரு. அம்மா கையை ஏப்ரன் துணிக்குள்ள ஒளிச்சுக்கிட்டாங்க, சின்னப் புள்ளை மாதிரி.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். உன்னைத் திட்டினேன், அப்பாவைத் திட்டினேன், அம்மாவையும் திட்டினேன். இடது பக்கம் இழுத்தானே, பத்தாதா, இன்னும் எதுக்கு அவன் கையின்னு கேட்டேன். அம்மா முட்டை உரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "இடது பக்கம் போனதுல எனக்கு ஒண்ணும் இல்லைடி. போற வரைக்கும் நல்லாத்தான் பிடிச்சிருந்தான். அவன் விட்டான் பாரு, அதுதான். ஹோரோவுல காலு தப்பும், எல்லாருக்கும் தப்பும். கையை விடக் கூடாது. விட்டவன் வந்து பிடிக்கட்டும்."

மே ஆறாம் தேதி கியோர்கி திருநாள். மைதானத்துல ஆட்டுக்கறி, ஹோரோ எல்லாம் உண்டு. அன்னிக்கு நீ வரலைன்னா அம்மா கறுப்புலேயே இருப்பாங்க. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் இல்ல, எனக்கு அம்மாவைத் தெரியும், எப்பவும். என் கல்யாணத்துக்கு நான் கெஞ்சல. பென்யோ சொல்லிட்டான், பாட்டு இல்லாமலே ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கலாம்னு. மாடு மாதிரி நிப்பான்னு நீதானே எழுதின. நிக்கிறான். எங்க விஷயத்தை விடு.

அம்மா விஷயம் மட்டும்தான். ஜெர்மனி போறதுன்னா போ. ஆனா நம்ம அம்மாவோட கை நீட்டினபடியே இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ.

ரூசா


சோபியா, பஸ் நிலையம்
மே 5

அக்கா,

உன் கடிதம் நேத்தே வந்துச்சு. நேத்து முழுக்கப் பிரிக்காம சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நீ திட்டியிருப்பன்னு தெரியும், அது பரவாயில்ல. அம்மா அழுதாங்கன்னு எழுதியிருப்பியோன்னு பயம்.

காலையில ஜெர்மனி வண்டியில ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்து பிரிச்சேன். பக்கத்துல எங்க குழுவுல நெருப்பு மேல நடந்து காட்டுறவன், குறட்டை விட்டுக்கிட்டு இருந்தான். ஏப்ரனுக்குள்ள கையை ஒளிச்சுக்கிட்டாங்கங்கிற இடம் வந்ததும் எழுந்துட்டேன். மேனேஜர், "எங்கடா? பாத்ரூமா? அங்க பார்டர்ல போய்க்கலாம், உக்காரு!"ன்னான். "வீட்டுக்கு"ன்னேன். "வீட்டுக்கா? உனக்கு ஏது வீடு, மாசத்துக்கு ஒரு விலாசம் வெச்சிருக்கிறவனே!"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கீழ இறங்கினேன். வண்டி போயிடுச்சு. என் பெட்டி மேல கட்டியிருந்துச்சு, அதுவும் போயிடுச்சு. நான் போகாத ஜெர்மனிக்கு என் துணிமணி எல்லாம் போகுது.

இப்போ டோப்ரிச் பஸ்ஸுக்கு நிக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபால்ல போட்டா எனக்கு அப்புறம்தான் வரும். வாசல்ல நின்னு பேச எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். அதனால உன் கையில குடுத்துட்டு நேரா அம்மாகிட்ட போயிடுவேன். நீ உள்ள போய்ப் படிச்சுக்கோ. ராஷ்கா அத்தைக்கு முன்னாடி படிக்காத.

நான் நல்லவனாயிட்டேன்னு நினைக்காத. ஊருல எத்தனை நாள் இருப்பேன்னு கேக்காத, எனக்கே தெரியாது. கறுப்பு எடுத்த மறுநாளே என் காலு அரிச்சா போயிடுவேன். மன்னிப்புக் கேக்கவும் வரல. அம்மா அதைக் கேக்கலையே.

நின்னுக்கிட்டே வலது பக்கம் நடந்து பார்க்குறேன். பஸ் நிலையத்துல வெறும் கையை நீட்டி அடி வெச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு போலீஸ்காரன் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனான். "குடிச்சிருக்கியா?"ன்னான். "இல்ல சார், மறந்து போச்சு, ஞாபகப்படுத்திக்கிறேன்"னேன். அவன் நம்ம பக்கத்து ஊர்க்காரன் போல, "இடது கையை நீட்டுடா, மடையா"ன்னுட்டுப் போறான்.

நாளைக்கு எல்லாரும் இருப்பாங்க. சிரிச்சவனும் இருப்பான். சிரிக்கட்டும். நான் முன்னால போக மாட்டேன், அம்மா நிக்கிற இடத்துக்குப் போவேன். கையை நீட்டுவேன். பிடிக்கலைன்னா, வாலுக்குப் போய்க் கடைசி ஆளோட கையைப் பிடிச்சுக்குறேன். வாலுல வந்து சேர்றவனை வேணாம்னு சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அங்கேயே நின்னு எத்தனை சுத்து ஆனாலும் ஆடுறேன், அம்மா திரும்பிப் பார்க்குற வரைக்கும். ஆனா பிடிச்சாங்கன்னா, அக்கா, பிடிச்சாங்கன்னா கய்டா நின்னாலும், ஊரே கத்தினாலும், காலு எந்தப் பக்கம் போனாலும், நான்...

டிரைவர் கதவைச் சாத்துறான். போகணும்.